போர்டு போயிட்டா?

“போர்டு போயிட்டாம் மாமா. இந்த மாடலுக்குப் புது போர்டு கிடைக்கிறது கஷ்டமாம். மொத்தமா மாத்திருங்கன்னு சொல்லிட்டாங்க.”

பொங்கலுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது அக்கா மகன் சொன்ன முதல் செய்தி இது. அத்தான் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கூடவே டிடிபி வேலையும் உண்டு: கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி. கடையில் பன்னிரண்டு வருடம் உழைத்த கம்ப்யூட்டர் வீட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்டெல் கோர் ஐ5-3470 பிராசஸர், எச்61 சிப்செட் போட்ட மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஸ்விட்சை அமுக்கினால் ஃபேன் சுற்றும். மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருக்கும். ரிப்பேர் கடை பாஷையில் ‘நோ டிஸ்ப்ளே’.

நோ டிஸ்ப்ளே என்றதும் போர்டு டெட் என்று தீர்ப்பு எழுதுவது அந்தத் தொழிலில் பழகிப்போன ஒன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பிராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ஆடுவது மதர்போர்டு என்கிற கூடத்தில். யார் கால் இடறினாலும் பழி கூடத்தின் மேல் விழுகிறது. இந்தப் பழியோ விலையுள்ள பழி. ரேம் போனால் ரேமை மட்டும் மாற்றலாம், டிஸ்க் போனால் டிஸ்க்கை மட்டும். போர்டு மட்டும் தனியாகப் போகாது. போகும்போது இரண்டு மூன்று பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் பழைய கம்ப்யூட்டரைத் திரும்பப் பயன்படுத்த நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, போர்டு பழசா என்பதல்ல. அதை மாற்றினால் கூட எத்தனை பேர் கிளம்புவார்கள் என்பதுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. போர்டு உண்மையிலேயே செத்துவிட்டதா?

கேபினெட்டைத் திறந்தோம். பிராசஸர் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. முதலில் எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயர் ஒன்றையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3; ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். எங்கள் மீட்டர் மஞ்சளில் 12.1 காட்டியது. இங்கே ஒரு எச்சரிக்கை: சுமை ஏற்றாமல் சரியான வோல்ட்டைக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரிந்துவிடும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. மீட்டர் பாஸ் போட்டுவிட்டது என்பதற்காக முழுசாக நம்பிவிடக் கூடாது.

அடுத்து போர்டையே கழற்றித் தரையில் விரித்த செய்தித்தாள் மேல் வைத்தோம். கேபினெட்டின் தகட்டிலோ, தவறி விழுந்த ஒரு ஸ்க்ரூவிலோ ஷார்ட் இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். பிராசஸரும் அதன் ஃபேனும் மட்டும் போர்டில். ரேம் இரண்டையும் எடுத்தாகிவிட்டது. நான்கு பின் உள்ள இடத்தில் ஒரு பொடி ஸ்பீக்கரைச் செருகி, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன்.

பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி நீளமாக ஒரு பீப்.

“என்ன மாமா, அழுகுது?”

அழட்டும், அதுதான் வேண்டும். ஏன் என்று பார்ப்போம். எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைத்ததும் போர்டுக்கு ‘எல்லாம் சரி’ என்று ஒரு சிக்னல் அனுப்புகிறது. அது கிடைத்தபிறகுதான் பிராசஸர் விழிக்கிறது. விழித்ததும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு முகவரி மட்டும் பிறவியிலேயே தெரியும். 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் முன்னால் இருக்கும் இடம் அது. அங்கே போய் முதல் ஆணையைப் படிக்கிறது. அந்த முகவரி கொண்டுபோய் விடுவது போர்டில் உள்ள எட்டுக் கால் பயாஸ் சிப்பில். ரேம் இருக்கிறதா என்று தேடும் புரோகிராம் அங்கிருந்துதான் ஓடுகிறது. இல்லை என்று தெரிந்தால் ஸ்பீக்கரில் கத்துகிறது. ரேம் இல்லை என்று புகார் சொல்ல வேண்டுமென்றால் பிராசஸர் உயிரோடு இருக்க வேண்டும், பயாஸ் சிப் படிக்கக் கிடைக்க வேண்டும், துடிப்பு தரும் கிளாக் ஓட வேண்டும், பிராசஸருக்கு மின்சாரம் சரியாகப் போக வேண்டும். ஒரு பீப்பில் நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது. ரேமைக் கழற்றிய போர்டு கத்தினால் பெரும்பாலும் போர்டு நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கவலைப்படலாம்.

ரேமின் தங்கப் பூச்சுப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்தோம். எல்லா சர்வீஸ் கடையிலும் செய்யும் வைத்தியம்தான், மூடநம்பிக்கை இல்லை. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அந்தப் பூச்சு மைக்ரான் கணக்கில் மெல்லியது. நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் காற்றோடு வினைபுரிந்து மேலே ஒரு படலமாக ஏறும். கை எண்ணெயும் தூசியும் அதோடு சேரும். 1.5 வோல்ட்டில் பேசும் ரேமுக்கு அந்தப் படலமே சுவர். அழுத்தித் தேய்த்தால் படலத்தோடு தங்கமும் போய்விடும், ஆகவே மெல்ல. ரேமை மாட்டியதும் திரையில் எழுத்து வந்தது. தேதி 2012 ஜனவரி 1 என்றது.

அடுத்த குற்றவாளி அந்தத் தேதியில் இருந்தது. போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு படிகம்தான் அந்தக் கடிகாரம். ஏன் இந்த விநோத எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும், விநாடிக்கு ஒரு டிக். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். அத்தான் ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவார். பன்னிரண்டு வருட ராத்திரிகளையும் அந்தக் காசு ஒன்றே தாங்கியிருக்கிறது. மீட்டரில் 2.1 வோல்ட். தேதி தப்பானதால் பிரவுசர், “இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று எல்லா வெப்சைட்டையும் மறுத்திருக்கிறது. வெப்சைட்டின் சான்றிதழ் அதன் கணக்குப்படி இன்னும் பிறக்கவே இல்லை. அக்கா மகன் அதற்காக நெட் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டையும் போட்டிருக்கிறான். பேட்டரியின் விலை இரண்டு டீ, இரண்டு வடை.

நிஜமாகவே போர்டு சாவதும் உண்டு. சாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிராசஸரைச் சுற்றியுள்ள அரை சாண். எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1.1 வோல்ட். இந்த ஐ5-3470 முழு வேகத்தில் 77 வாட் தின்னும் என்று இன்டெல் சொல்கிறது. 77-ஐ 1.1-ஆல் வகுத்துப் பாருங்கள், 70 ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். அதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தை மாஸ்ஃபெட் என்ற நகம் அளவு ஸ்விட்சுகள் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடித் தயாரிக்கின்றன. திறந்து மூடுவதால் வரும் மேடுபள்ளத்தைக் காயில்களும் கெப்பாசிட்டர்களும் சமன் செய்கின்றன. சூடு அத்தனையும் அந்த இடத்தில். பழைய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஒருவகைத் திரவம். அது மெல்ல மெல்ல உலரும்.

உலரும் வேகத்துக்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய கெப்பாசிட்டரை 65 டிகிரியில் ஓட்டினால் நான்கு இரட்டிப்பு, 32,000 மணி நேரம். அத்தானின் கடை வருடத்துக்கு 300 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கும் என்றால் பத்து வருடத்துக்கு மேல். அதே இடத்தில் தூசி அடைத்து 75 டிகிரி ஆனால் ஐந்து வருடத்துச் சொச்சம்தான். ஃபேனுக்கடியில் இருந்த அந்தக் கம்பளி போர்டின் ஆயுளில் பாதியைத் தின்றிருக்க வேண்டும். தின்னாமல் விட்டதற்குக் காரணம், இந்தப் போர்டில் பிராசஸரைச் சுற்றி இருப்பவை திரவம் இல்லாத பாலிமர் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக, மேலே வெட்டுக் கோடு இல்லாமல் இருந்தால் அநேகமாக அந்த ஜாதி.

வெட்டுக் கோடு என்றதும் 2000-களின் தொடக்கம் ஞாபகம் வருகிறது. எலக்ட்ரோலைட்டிக்கின் தலையில் கூட்டல் குறி மாதிரிக் கீறி வைத்திருப்பார்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் கிழியட்டும் என்று. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகளில் இந்தத் தலைகள் பூரி மாதிரி உப்பின. உள்ளிருந்த திரவத்தில் தண்ணீர் அதிகம், அலுமினியத்தைக் காக்கும் சேர்மானம் போதவில்லை. அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பியது. ஜப்பானியக் கம்பெனியிலிருந்து யாரோ அரைகுறையாகத் திருடிய ஃபார்முலா என்று அப்போது பேசிக்கொண்டார்கள். டெல் நிறுவனம் 2005-இல் தன் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய 30 கோடி டாலர் கணக்கில் எழுத வேண்டிவந்தது. அந்தக் கால போர்டு ஒன்று பரணில் இருந்தால் இறக்கித் தலைகளைப் பாருங்கள். உப்பியிருந்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றலாம்; சால்டரிங் பழகியவருக்கு அரை மணி வேலை. ஆனால் அந்த அரை மணி தகுமா என்பது வேறு.

அந்த ‘தகுமா’வுக்குத்தான் வந்தேன். எங்கள் போர்டு பிழைத்துவிட்டது. அக்கா மகனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. புது போர்டு வரும், விண்டோஸ் 11 போடலாம், ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தான்.

“பிழைச்சாலும் பழசுதான மாமா? போர்டை மட்டும் புதுசா மாத்தினா என்ன?”

போர்டை மட்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஐ5-3470 உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1155. இன்டெல் 2009-இல் 1156 என்றது, 2011-இல் 1155, 2013-இல் 1150, 2015-இல் 1151. ஒவ்வொன்றும் முந்தையதோடு ஒட்டாது. 1151 இன்னும் மோசம்: 2017-இல் எட்டாம் தலைமுறை பிராசஸருக்கும் அதே பெயர், அதே எண்ணிக்கை, ஆனால் பின்களின் பொறுப்பை மாற்றி எழுதிவிட்டார்கள். பழைய போர்டில் உட்காரும், ஓடாது. ஆக, புதுத் தலைமுறை போர்டு என்றால் பிராசஸர் கிளம்பிவிட்டது. அடுத்து ரேம். டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. நடுவில் இருக்கும் வெட்டுக்கூட இடம் மாறும், பலவந்தமாகச் செருகக் கூடாது என்பதற்காகவே. ரேமும் கிளம்பியது. மிஞ்சுவது கேபினெட், டிஸ்க், மானிட்டர், ஒருவேளை எஸ்எம்பிஎஸ். போர்டை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு புதுக் கம்ப்யூட்டரைப் பழைய பெட்டிக்குள் வாங்குகிறோம்.

ஏஎம்டி பக்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாணயம் இருந்தது. ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் வாங்கிய பல போர்டுகள், பயாஸைப் புதுப்பித்தால், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை ஏற்றுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட போர்டு கையில் இருந்தால் கணக்கே தலைகீழ்: போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மாற்றுங்கள்.

விண்டோஸ் 11 கதையும் இதே. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இடம். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த நம் ஐ5-3470-ஐ எந்த 1155 போர்டில் வைத்தாலும் அந்தப் பட்டியலுக்குள் நுழையாது. விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டுமென்றால் போர்டை மாற்றுவதா என்று யோசிக்காமல் முழு செட்டை மாற்றுங்கள். கட்டாயமில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது. இந்தப் பிராசஸருக்கு அது பாரமே இல்லை.

எங்களுக்கோ அத்தான் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தார். அவர் பத்திரிகை அடிக்கும் பழைய தமிழ் ஃபான்ட் சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் பூட்டு. அதைச் செருகுவது போர்டின் பின்னால் இருக்கும் 25 துளை பேரலல் போர்ட்டில். இன்றைய போர்டுகளில் அந்தத் துளை வரிசையைப் பார்ப்பது அரிது. யுஎஸ்பி மாற்றி போட்டால் பிரிண்டர் ஓடும், இந்த மாதிரிப் பூட்டுகள் பெரும்பாலும் திறக்காது. பழைய போர்டு என்பது சில சமயம் ஒரு பழைய சாவிக்கொத்து.

“அப்ப எஸ்எஸ்டியாவது போடலாமா? இதுல சாட்டா 2 தான் இருக்கு, போட்டாலும் வேஸ்ட்டுன்னு சொன்னாங்களே.”

அரைகுறை உண்மை இதுதான். எச்61-இல் டிஸ்க்கை இணைக்க இருப்பது சாட்டா 2, விநாடிக்கு 300 எம்பி எல்லை. எஸ்எஸ்டியோ 550 வரை தரும். பாதி வீண் என்று தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் ‘ஸ்லோவாக’ இருப்பது பெரிய ஃபைலை வேகமாகப் படிக்க முடியாததால் இல்லை. ஆயிரம் சின்ன ஃபைல்களை ஆயிரம் இடத்தில் தேட வேண்டியிருப்பதால். ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் இடம் தலைக்கடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி விநாடி. தலை நகர்ந்து தடத்தைப் பிடிக்க இன்னொரு எட்டு ஒன்பது. விநாடிக்கு நூறு இடத்துக்குள்தான் தேட முடியும். 4 கேபி துண்டுகளாகப் படித்தால் அரை எம்பிகூடத் தேறாது. அதே வேலையில் சாதாரண எஸ்எஸ்டி விநாடிக்கு 30, 40 எம்பி தரும். 300 என்ற மதிலை அது தொடுவதே இல்லை. எஸ்எஸ்டிக்காகப் போர்டை மாற்றச் சொல்பவர் வேகத்தைத் தப்பான இடத்தில் அளக்கிறார்.

இதேபோல் சில்லறைக் கோளாறுகளுக்கும் போர்டைப் பலி கொடுக்க வேண்டாம். இடி விழுந்து கேபிள் வழியாக லேன் போர்ட் மட்டும் போயிருந்தால் ஒரு லேன் கார்டு போதும். சவுண்டு போனால் யுஎஸ்பி சவுண்டு கார்டு. கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் புதிய கார்டு ஓடும், ஆனால் ஒவ்வொரு தலைமுறை பின்னால் போகும்போதும் பாதை பாதியாகிறது. பதினாறு தடம் உள்ள கார்டுக்கு அது பெரிதாக உறைக்காது. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கே தடம் உள்ள கார்டுக்கு நன்றாகவே உறைக்கும்.

போர்டு நிஜமாகவே செத்து, பிராசஸரும் ரேமும் நன்றாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி அதே சாக்கெட்டில் செகண்ட் ஹேண்ட் போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்தால் கிடைக்கும். வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சாக்கெட். 2004-இல் வந்த 775-லிருந்து இன்டெல் பின்களைப் பிராசஸரிலிருந்து எடுத்துப் போர்டுக்கு மாற்றிவிட்டது. 1,155 பின்கள், முடி மாதிரி, சாய்ந்து வரிசையாக நிற்கும். மொபைல் டார்ச்சைப் படுக்கவாட்டில் அடித்தால் வயலில் நாற்று நட்டதுபோல ஒரே மினுக்கு தெரியும். ஒரே ஒரு இடத்தில் மினுக்கு தப்பினால் அங்கே ஒரு பின் படுத்திருக்கிறது. அந்தப் போர்டு ஓடும், ஆனால் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாது, அல்லது வாரத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் தொங்கும். சிப்பை ‘ஹீட் பண்ணி’ உயிர் கொடுத்த போர்டையும் நான் தொடுவதில்லை. அது கடன் வாங்கிய உயிர்.

போர்டைக் கழற்றும் முன் ஒரு வேலை. கம்ப்யூட்டர் கம்பெனி போட்டுத் தரும் விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு கட்டிப்போட்டது. போர்டு மாறினால் ஆக்டிவேஷன் கேட்கும். அதைச் சமாளிக்கலாம். டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால், சாவி போர்டிலோ பிராசஸரிலோ உள்ள டிபிஎம்மில் இருக்கும். ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல் போர்டைக் கழற்றினால் டிஸ்க் முழுசாக இருக்கும், உள்ளே இருப்பதைப் படிக்கத்தான் முடியாது.

எதற்கு இத்தனை பாடு, தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கலாமே என்பவர்களுக்கு 2002-இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். எரிக் வில்லியம்ஸ், ராபர்ட் ஏர்ஸ், மிரியம் ஹெல்லர் மூவரும் 2 கிராம் எடையுள்ள ஒரே ஒரு மெமரி சிப் செய்ய என்ன செலவாகிறது என்று கூட்டினார்கள். எரிபொருள் 1.6 கிலோ, தண்ணீர் 32 கிலோ. சிப் எப்போதோ வந்துவிட்டது, செலவழித்ததும் செலவழித்ததுதான். அதை எத்தனை வருடம் ஓட்டுகிறோம் என்பதில்தான் நம் கை இருக்கிறது. அதற்காக எதையும் விடாதே என்று சொல்லவில்லை. பிராசஸர் மட்டுமே 115 வாட் தின்ற பெண்டியம் 4 வகைகள் இருந்தன. அப்படிப்பட்ட பெட்டி புதியதைவிட 60 வாட் கூடுதலாகத் தின்றால் அத்தானின் 3,000 மணி நேரத்தில் வருடத்துக்கு 180 யூனிட். அந்தப் போர்டு பிழைத்தாலும் நான் மறுசுழற்சிக்குத்தான் அனுப்புவேன். மூன்றாம் தலைமுறைக்கு அந்தத் தண்டனை வேண்டாம்.

அத்தான் கடை மிஷினில் கடைசியில் ஏறியது ஒரு எஸ்எஸ்டி, ஒரு பேட்டரி, பிராசஸருக்குப் புதிய பேஸ்ட். ஃபான்ட் சாஃப்ட்வேருக்கு மட்டும் விண்டோஸ் 10, நெட் இணைப்பு இல்லாமல், மற்றதற்கெல்லாம் லினக்ஸ். அக்கா மகனின் முகவாட்டம் தாங்காமல் அடுத்த மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரலல் போர்ட் உள்ள இன்னொரு எச்61 போர்டைப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்பேராக இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தேன். ஒன்றரை வருடமாகிறது. போன வாரம் விசாரித்தேன். பரண் மேல் செய்தித்தாள் சுற்றியபடியே இருக்கிறதாம். அதிலிருந்த காசு பேட்டரியை மட்டும் கழற்றி அக்கா வீட்டு எடை மெஷினில் போட்டிருக்கிறாள்.